புறம்போக்கு: ஒரு சொல்லின் ஆங்கிலப் பொருள்கள் – எண்ணூர்க் கழியை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

'புறம்போக்கு' என்னும் தமிழ்ச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஒன்றோடொன்று பொருந்தாத பல பொருள்கள் வழங்குகின்றன. பாழ்நிலம், வரி விதிக்கப்படாத நிலம், அரசு நிலம், பொதுநிலம், உதவாக்கரை மனிதன் என அவை விரிகின்றன. இப்பொருள்கள் ஒவ்வொன்றும் எந்தத் தேவையிலிருந்து பிறந்தன, மூலச்சொல்லின் எப்பகுதியை எடுத்துக்கொண்டு எப்பகுதியைக் கைவிட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சொல்லமைப்பு, நிலச்சட்டங்களின் வாசகம், 2015, 2017 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த இரு கலைப்படைப்புகள், வடசென்னைக் கழிமுகப் பகுதியின் நிலவியல் ஆகியன இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. 'பாழ்நிலம்' என்னும் பொருள் சட்டத்தின் வாசகத்தாலேயே மறுக்கப்படுகிறது என்பதும், அதற்கு மாற்றாக முன்வைக்கப்படும் 'பொதுநிலம்' என்னும் பொருளும் முழுமையானதன்று என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: புறம்போக்கு, தரிசு, மொழிபெயர்ப்பு, எண்ணூர், கழி, பாடு, பொதுநிலம்.

முன்னுரை

கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தைச் சுற்றி அனல்மின் நிலையங்கள், துறைமுகம், எண்ணெய்க் கிடங்குகள், சாம்பல் குளங்கள் ஆகியன அமைந்துள்ளன. இவற்றுக்கிடையே காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் முதலிய மீனவர் குடியிருப்புகள் உள்ளன. 2017ஆம் ஆண்டு சனவரியில் இந்நிலப்பரப்பைக் களமாகக் கொண்டு 'சென்னை பொறம்போக்குப் பாடல்' வெளிவந்தது. கபேர் வாசுகி எழுதிய இப்பாடலை டி.எம். கிருஷ்ணா கருநாடக இசையில் பாடினார். அப்பாடலைத் தொடர்ந்து ஆங்கில இதழ்களிலும் ஆய்வரங்குகளிலும் 'புறம்போக்கு' என்பதற்குப் பொருள் கூறவேண்டிய தேவை எழுந்தது. 'காமன்ஸ்' என்பதே பெரிதும் ஏற்கப்பட்ட விடையாக அமைந்தது. ஆயின் அதற்கு முன் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக ஆங்கில ஆவணங்களில் இச்சொல் வேறு பொருள்களில் வழங்கி வந்துள்ளது.

ஒரு சொல்லுக்குப் பிறமொழியில் பல நிகரன்கள் அமைவது இயல்பே. பார்பரா கசேன் பதிப்பித்து 2004இல் பிரெஞ்சில் வெளிவந்த 'மொழிபெயர்க்கவியலாச் சொற்களின் அகராதி', மெய்யியற் சொற்கள் மொழிக்கு மொழி நகரும்போது அடையும் பிறழ்ச்சிகளையே ஆய்வுப்பொருளாக்கியது. மொழிபெயர்க்கவியலாச் சொல் என்பது மீண்டும் மீண்டும் மொழிபெயர்க்கப்பட்டுக்கொண்டே இருக்கும் சொல் என்பது அவ்வகராதி முயற்சியின் அடிப்படை. புறம்போக்கு அத்தகைய சொற்களுள் ஒன்று. ஆயின் இது மெய்யியற் சொல்லன்று, நிலக்கணக்குச் சொல். இதன் பொருள் மாறும்போது ஒரு நிலத்தின் பயனும், அந்நிலத்தில் வாழ்வோரின் நிலையும் சேர்ந்து மாறுகின்றன. எனவே இச்சொல்லின் மொழிபெயர்ப்பைத் திறனாய்வது அகராதியியலோடு முடிந்துவிடும் செயலன்று.

சொல்லமைப்பும் ஒலிவடிவமும்

'புறம்', 'போக்கு' என்னும் இரு சொற்களின் தொகை இது. தமிழ் மரபில் புறம் என்பது அகத்தின் மறுதலை. அகத்தினும் இழிந்தது என்னும் குறிப்பு அதற்கில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரம் அகத்திணைக்கும் புறத்திணைக்கும் ஒத்த மதிப்பளித்தே இலக்கணம் வகுக்கிறது. சிலப்பதிகாரத்தின் 'புறஞ்சேரி இறுத்த காதை' மதுரை மதிலுக்கு வெளியே அமைந்த குடியிருப்பைக் களமாகக் கொண்டது. அங்கும் புறம் என்பது மனிதர் வாழும் இடமே. 'புறநகர்' என்னும் இற்றை வழக்கும் அவ்வழியே வருகிறது.

'போக்கு' என்பது போதல், போகும் வழி, போகவிடுதல், நடைமுறை எனப் பல பொருள் தரும். இத்தொகையை இருவகையாக விரிக்கலாம். ஊருக்குப் புறத்தே போகும் இடம் என்பது ஒன்று. கணக்கிற்குப் புறத்தே போக்கப்பட்டது என்பது மற்றொன்று. முன்னது இடத்தைச் சுட்டுகிறது. பின்னது ஒரு செயலைச் சுட்டுகிறது. யாரோ ஒருவர் கணக்கெழுதும்போது இதனைக் கழித்து வெளியே விட்டிருக்கிறார் என்பது பின்னதன் குறிப்பு. வருவாய் வழக்கு இவ்விரண்டாம் விரியையே கைக்கொண்டது. ஊரின் நடுவே உள்ள தெருவும் குளமும் கோயில் மனையும் புறம்போக்கு என வகைப்படுத்தப்படுவதற்கு இதுவே விளக்கமாகும். அவை ஊருக்குப் புறம்பானவை அல்ல, வரிக்குப் புறம்பானவை.

இச்சொல்லின் ஆங்கில எழுத்துவடிவமும் கருதத்தக்கது. சட்டநூல்களில் இது பெரும்பாலும் 'பொரம்போக்' என்றே எழுதப்படுகிறது. முதலசையில் உகரம் இல்லை, ஒகரம் உள்ளது. அடுத்த அசையில் அகரம் வரின் முதலசையின் உகரம் ஒகரமாகத் தாழ்வது பேச்சுத்தமிழின் பரவலான ஒலிமாற்றம். 'குடம்' என்பது 'கொடம்' எனவும், 'புடவை' என்பது 'பொடவை' எனவும் ஒலிப்பது போலப் 'புறம்போக்கு' என்பது 'பொறம்போக்கு' என ஒலிக்கும். ஆங்கில ஆவணத்தில் பதிந்திருப்பது ஏட்டு வடிவமன்று; வாய்மொழி வடிவம். அரசின் தமிழ் ஆணைகள் 'புறம்போக்கு' என்று செந்தமிழாக எழுத, ஆங்கிலச் சட்டமோ தெருவில் ஒலிக்கும் வடிவத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. வசையாகவும் நிலப்பெயராகவும் வழங்கும் அதே ஒலியைத் தலைப்பில் ஏற்ற 2017ஆம் ஆண்டுப் பாடல், ஒருவகையில் சட்டநூலின் எழுத்துக்கூட்டலுக்கு நெருக்கமாகவே நிற்கிறது.

முதற்பொருள்: பாழ்நிலம்

ஆங்கிலச் செய்திகளிலும் நிருவாகக் குறிப்புகளிலும் புறம்போக்கு 'வேஸ்ட்லேண்ட்' எனப் பெயர்க்கப்படுவதுண்டு. இப்பெயர்ப்பு தமிழ் வருவாய்ச் சொற்றொகுதியின் அடிப்படையான வேறுபாடொன்றை அழிக்கிறது. இரயத்துவாரிக் கணக்கில் தரிசு வேறு, புறம்போக்கு வேறு. தரிசு என்பது பயிரிடப்படாமல் கிடக்கும் நிலம். அது தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு எனப் பகுக்கப்படும். இன்று பயிரில்லை, நாளை பயிராகக்கூடும் என்பது அதன் நிலை. புறம்போக்கோ ஒரு பயனுக்காக ஒதுக்கப்பட்டது. கிராமத்தின் அ பதிவேட்டில் அதன் பயன் அடைமொழியாக முன்னிற்கும். ஏரிப் புறம்போக்கு, ஆற்றுப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, வண்டிப்பாதைப் புறம்போக்கு, களப் புறம்போக்கு, மயானப் புறம்போக்கு, நத்தம் புறம்போக்கு என்பன அவ்வகைமைகள். பயனைக் கூறும் அடைமொழி இல்லாமல் இச்சொல் கணக்கில் அரிதாகவே தனித்து நிற்கும். பயனற்றது என்னும் பொருளைத் தரும் ஆங்கிலச் சொல், பயனை முன்னொட்டாகக் கொண்ட தமிழ்ச்சொல்லுக்கு நிகராக வைக்கப்பட்டமை பெரும் முரணாகும்.

இவ்வேறுபாட்டை ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சட்டமே காக்கிறது. 1948ஆம் ஆண்டுச் சென்னை எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, எஸ்டேட்டின் எவ்வெக்கூறுகள் அரசுக்கு மாறும் என்பதை நிரல்படக் கூறுகிறது. அந்நிரலில் சமுதாய நிலங்களும் புறம்போக்குகளும் ஒரே கூறாக இணைத்து முதலில் வைக்கப்பட்டுள்ளன. தரிசு நிலங்கள் அவற்றின் பின்னர்த் தனிக்கூறாக வருகின்றன. மேய்ச்சல் நிலங்கள், காடுகள், ஆறுகள், ஏரிகள், மீன்வளம், தோணித்துறை என்பன தொடர்கின்றன. புறம்போக்கும் பாழ்நிலமும் ஒன்றே எனச் சட்டம் இயற்றியோர் கருதியிருப்பின் இரண்டையும் தனித்தனியே கூறவேண்டிய தேவை எழுந்திராது. அதற்கு முந்தைய 1908ஆம் ஆண்டு எஸ்டேட் நிலச் சட்டமும், ஏரிப்படுகை, களம், மந்தை, ஊர்மனை முதலியவற்றை இரயத்து நிலத்தின் இலக்கணத்திலிருந்து விலக்கும்போது, ஊராரின் பொதுப்பயனுக்கு ஒதுக்கப்பட்டமையையே காரணமாகச் சுட்டுகிறது.

அவ்வாறாயின் பாழ்நிலம் என்னும் பொருள் எங்கிருந்து வந்தது? வருவாயை மட்டும் காணும் கண்ணுக்குத் தரிசும் புறம்போக்கும் ஒன்றே. இரண்டின் வரவும் சுழியம். இக்கண்ணோட்டத்திற்கு ஐரோப்பிய மெய்யியற் பின்புலமும் உண்டு. 1689இல் வெளிவந்த ஜான் லாக்கின் அரசாங்கம் பற்றிய இரண்டாம் ஆய்வுரை, உழவும் மேய்ச்சலும் நடவும் இன்றி இயற்கைக்கு விடப்பட்ட நிலத்தைப் பாழ் எனக் கருதியது. உழைப்பைக் கலந்தவனுக்கே நிலம் உரியது என்னும் கோட்பாட்டை அதன்மேல் எழுப்பியது. இக்கோட்பாட்டில் உழவே உழைப்பின் அளவுகோல். வலை வீசுதல், நத்தை பொறுக்குதல், சேற்றில் கையால் இறால் தடவுதல் ஆகியன உழைப்பாக எண்ணப்படுவதில்லை. விடுதலைக்குப் பின்னரும் இவ்வளவுகோல் முற்றிலும் மாறிவிடவில்லை. நடுவண் அரசின் பாழ்நில வரைபடத் தொகுதிகளில் நீர் தேங்கிய சதுப்பும் கடற்கரை மணலும் பாழ்நில வகைகளாக இடம்பெற்றன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் நெடுங்காலம் குப்பை கொட்டும் இடமாகவே கருதப்பட்டது. அதன் ஒரு பகுதி 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் அது இராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நிலத்தின் இயல்பு மாறியதால் இம்மதிப்பு மாறவில்லை. அதற்கு இடப்பட்ட பெயர் மாறியதால் மாறியது.

இரண்டாம் பொருள்: அரசு நிலம்

புறம்போக்கு என்றால் அரசு நிலம் என்பது அலுவலக வழக்கில் மிகுதியும் காணப்படும் பொருள். இதற்கு வலுவான சட்ட அடிப்படை 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டமாகும். அச்சட்டத்தின் 2ஆம் பிரிவு பொதுச்சாலைகள், தெருக்கள், ஆற்றுப்படுகைகள், ஏரிகள், கால்வாய்கள், உப்பங்கழிகள் ஆகியவற்றோடு, உயர் ஓதக் கோட்டுக்குக் கீழுள்ள கடல், துறைமுகம், கழி ஆகியவற்றின் படுகைகளையும் அரசின் சொத்து எனச் சாற்றுகிறது. எண்ணூர்க் கழியின் நீரும் சேறும் இவ்வாசகத்தினுள் நேரடியாக அடங்குகின்றன.

ஆயின் அப்பிரிவு அத்துடன் முடிவதில்லை. வழியுரிமைகளுக்கும் பிற பொது உரிமைகளுக்கும், அண்டை நிலத்தாரின் இயற்கை உரிமைகளுக்கும், சட்டப்படி நிலவும் வழக்காற்று உரிமைகளுக்கும் உட்பட்டே இச்சொத்துரிமை அமையும் என அது வரம்பிடுகிறது. 'அரசு நிலம்' என்னும் சுருக்கப்பெயர் பிரிவின் தலையை வைத்துக்கொண்டு வாலை வெட்டிவிடுகிறது. உடைமை அரசுக்கு, பயன் வழக்காற்றுக்கு என்னும் இரட்டை நிலை அதனால் மறைகிறது. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் இவ்விரட்டை நிலையைக் காட்டுகிறது. மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு, இடுகாடு, மந்தை, வண்டி நிறுத்துமிடம், தோப்பு ஆகிய புறம்போக்குகளின் பயன்பாட்டை முறைப்படுத்தும் பொறுப்பு ஊராட்சியிடம் தரப்பட்டுள்ளது. உரித்தாதல் என்பது இங்குக் காப்பாளர் நிலையைக் குறிக்குமேயன்றி விற்றுத் தீர்க்கும் உரிமையைக் குறிக்காது.

2011ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் உச்சநீதிமன்றம் வழங்கிய ஜக்பால் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் என்னும் தீர்ப்பு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. ஊர்ப்பொது நிலங்களுக்கு வட்டாரந்தோறும் வழங்கும் பெயர்களை அத்தீர்ப்பு அடுக்குகிறது. பஞ்சாபின் 'ஷாம்லாத் தேஹ்' என்பதற்கு இணையாகத் தென்னிந்தியாவின் 'மந்தைவெளி', 'புறம்போக்கு' ஆகிய சொற்களை அது வைக்கிறது. பஞ்சாபின் குளம் ஒன்றைப் பற்றிய வழக்கில் தமிழ்ச்சொல் ஒன்று மொழிபெயர்க்கப்படாமலேயே நாட்டின் பொதுநிலச் சொற்றொகுதியில் இடம்பெற்றது. மொழிபெயர்ப்பைத் தவிர்த்துச் சொற்களை அருகருகே வைத்தமையே இங்கு மிகச் செம்மையான மொழிபெயர்ப்பாக அமைந்துவிட்டது எனலாம்.

'அரசு நிலம்' என்னும் பொருளால் விளையும் நடைமுறை வேறுபாடு வடசென்னையில் கண்கூடு. வருவாய்த்துறை, குடியிருப்போர் உள்ள புறம்போக்கை ஆட்சேபகரமானது, ஆட்சேபணையற்றது என இரண்டாகப் பகுக்கிறது. நீர்நிலை, மேய்க்கால், மயானம் முதலியன முன்னதில் அடங்கும். அங்கு வீட்டுமனைப் பட்டா வழங்கப்படுவதில்லை. ஆற்றங்கரையிலும் கழியோரத்திலும் வாழும் குடும்பம் எத்தனை தலைமுறை கடந்தும் 'ஆக்கிரமிப்பாளர்' என்னும் பெயருக்கு உரியதாகிறது. 'பி மெமோ' என்னும் அறிவிக்கையே அதன் இருப்பிற்கான ஆவணமாகிறது. அதே வகைப்பாடு, ஒரு துறையிடமிருந்து மற்றொரு துறைக்கோ நிறுவனத்திற்கோ நிலத்தை மாற்றும்போது தடையாக நிற்பதில்லை. தனி உடைமையாளர் இல்லாமையால் இழப்பீட்டுக் கேள்வியும் எழுவதில்லை. 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம், நீர்நிலைகளைச் சார்ந்து வாழும் மீனவரையும் படகோட்டிகளையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்னும் வரையறையினுள் கொண்டுவந்தது பெரும் முன்னேற்றமே. எனினும் கையகப்படுத்தல் நிகழும்போதே அவ்வரையறை செயற்படும். ஏற்கெனவே அரசுக்கு உரியது எனக் கருதப்படும் கழி கையகப்படுத்தப்படுவதில்லை, மாற்றப்படுகிறது. இச்சூழலில் மொழிபெயர்ப்பின் பிழை, மீனவக் குடும்பத்தின் இழப்பைக் கணக்கிலிருந்தே போக்கிவிடுகிறது.

மூன்றாம் பொருள்: உதவாக்கரை

நிலத்தைக் குறித்த சொல் மனிதரைக் குறிக்கும் வசையாகவும் வழங்குகிறது. பொறுப்பற்றவன், ஊர்சுற்றி, எதற்கும் பயன்படாதவன் என அதன் ஆங்கிலப் பெயர்ப்புகள் அமைகின்றன. தெலுங்கிலும் 'போரம்போக்கு' என்பது நிலவகையையும் வசையையும் ஒருங்கே குறிக்கிறது. இப்பொருள் பெயர்ச்சிக்கு வருவாய்ச் சொற்றொகுதியே வழிவகுத்தது எனக் கொள்ளலாம். தீர்வை இல்லாத நிலம் மதிப்பற்ற நிலமாகவும், மதிப்பற்ற நிலம் மதிப்பற்ற மனிதனுக்கு உவமையாகவும் படிப்படியே மாறியிருத்தல் இயல்பு. பட்டாவில் பெயர் இல்லாதவன் ஊர்க்கணக்கில் இல்லாதவன் என்னும் குறிப்பும் இதனுள் உண்டு.

ஆங்கிலப் பெயர்ப்புகள் இவ்வசையின் பொருளைத் தருகின்றன. அதன் நிலத்தொடர்பைத் தருவதில்லை. வடசென்னைக் குப்பங்களில் இத்தொடர்பு அறுபடாமல் உள்ளது. அங்கே பலருக்குப் புறம்போக்கு என்பது வசை மட்டுமன்று. வீட்டின் முகவரியும் அதுவே. 'புறம்போக்கில் இருப்பவர்' என்று வருவாய் ஆவணம் கூறுவதற்கும் 'புறம்போக்கு' என்று தெருவில் ஒருவர் ஏசுவதற்கும் இடையே ஓர் உருபும் ஒரு வினையும் மட்டுமே உள்ளன. ஆங்கிலத்தில் இவ்விரண்டும் தொடர்பற்ற இரு தொடர்களாகப் பிரிந்துவிடுகின்றன.

நான்காம் பொருள்: பொதுநிலம்

வசையிலிருந்து சொல்லை மீட்கும் முயற்சிகள் அண்மைக் காலத்தில் கலைப்படைப்புகளில் எழுந்தன. எஸ்.பி. ஜனநாதன் இயக்கி 2015இல் வெளிவந்த திரைப்படம் 'புறம்போக்கு என்கிற பொதுவுடைமை' என்னும் தலைப்பைக் கொண்டது. அத்தலைப்பே ஓர் அகராதிப் பதிவு போல அமைந்துள்ளது. இடப்புறம் சொல்லும் வலப்புறம் பொருளும் 'என்கிற' என்னும் பாலத்தால் இணைக்கப்பட்டுள்ளன. 2017ஆம் ஆண்டுப் பாடல் சாம்பல் படிந்த கழியைப் பின்புலமாக்கி, வசையாக வீசப்படும் சொல்லையே ஊரின் வெள்ளத்தையும் வாழ்வையும் தாங்கும் நிலத்தின் பெயராக மீண்டும் நிறுவ முயன்றது. சபை இசையின் வடிவத்தில் சென்னைப் பேச்சுத்தமிழைப் பாடியமை, புறத்தே தள்ளப்பட்ட சொல்லை அகத்தே கொண்டுவந்து அமர்த்திய செயலாகும். 2015 திசம்பர் வெள்ளத்தின் நினைவு மாறாதிருந்த நகரம் அதன் பொருளை எளிதில் உணர்ந்தது.

இம்மீட்பின் ஆங்கில வடிவம் 'காமன்ஸ்' என்பதாகும். இச்சொல் பாழ்நிலம் என்பதினும் பன்மடங்கு பொருத்தமானது. எனினும் அதற்கும் ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் பண்ணை வழக்காற்றில் 'காமன்' என்பது நிலத்தின் பெயராக இருந்ததினும் உரிமையின் பெயராகவே பெரிதும் வழங்கியது; பண்ணைத் தலைவனின் பாழ்நிலத்தில் குறிப்பிட்ட குடிகளுக்கு இருந்த மேய்ச்சல் உரிமையும் விறகு உரிமையுமே அச்சொல்லால் குறிக்கப்பட்டன. அஃதாவது ஆங்கிலத்தில் 'வேஸ்ட்' என்பதும் 'காமன்' என்பதும் தொடக்கத்தில் ஒரே மண்ணைச் சுட்டிய இரு சொற்கள். வேலியடைப்புக் காலத்திற்குப் பின்னரே அவை எதிர்நிலைச் சொற்களாக முழுமையாகப் பிரிந்தன. புறம்போக்கின் மொழிபெயர்ப்பாக இவ்விரண்டும் போட்டியிடுவது, தமிழ் நிலத்தின் மீது நிகழும் ஆங்கில வரலாற்றின் வழக்காடலாகவும் அமைகிறது.

பொதுநிலம் என்றதும் எவரும் எதுவும் செய்யக்கூடிய திறந்தவெளி என்னும் எண்ணம் தோன்றுகிறது. 1968இல் காரெட் ஹார்டின் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இவ்வெண்ணத்தின் மீதே கட்டப்பட்டது. 1990இல் எலினோர் ஆஸ்ட்ரம் வெளியிட்ட நூல், பொதுவளங்கள் பல இடங்களில் எல்லை, முறை, தண்டனை ஆகியவற்றோடு பயனாளர்களாலேயே ஆளப்பட்டு வந்தமையைக் காட்டி அதனை மறுத்தது. எண்ணூருக்கு வடக்கே நீர்வழியால் தொடர்புடைய பழவேற்காட்டு ஏரியின் 'பாடு' முறை இதற்குத் தக்க சான்று. ஏரியின் குறிப்பிட்ட மீன்பிடி இடங்களில் யார், எந்நாளில், எவ்வலையைக் கட்டுவது என்பதை ஊர்கள் முறைவைத்து வரையறுக்கும் வழக்காறு அது. வருவாய்ப் பதிவேடு நீர்ப்பரப்பை ஒரே நிறமாகக் காட்டும் இடத்தில், மீனவர் வழக்காறு பாடுகளையும் முறைகளையும் காண்கிறது. பாடு என்னும் சொல் இடத்தையும் முறையையும் உழைப்பையும் துன்பத்தையும் ஒருங்கே குறிப்பது தற்செயலாயினும் கருதத்தக்கது. 'பாடு சிஸ்டம்' எனப் பெயர்க்கும் ஆங்கில ஆய்வுகளில் உழைப்பும் துன்பமும் உதிர்ந்து முறை மட்டுமே எஞ்சுகிறது.

அதே வேளையில், பாடு முறை எல்லோருக்கும் உரியதன்று என்பதையும் மறைத்தல் ஆகாது. அது பெரும்பாலும் குறிப்பிட்ட மீனவச் சாதியின் ஊர்களுக்கு வரையறுக்கப்பட்டது. அண்மைக் காலத்தில் பிற சமூகத்தினர் ஏரிக்கு வந்தபோது பூசல்கள் எழுந்தன. நிலப்பகுதி ஊர்களின் நிலை இதனினும் கடுமையானது. எண்ணூரைச் சூழ்ந்த பகுதி அடங்கியிருந்த அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், தரிசின் மீதும் புறம்போக்கின் மீதும் மிராசுதார்கள் முன்னுரிமை கோரினர். ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் குடியிருப்பு மனைகூட உறுதியில்லாத நிலையை மாவட்ட ஆட்சியர் திரெமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கை எடுத்துக்காட்டியது. அதன் தொடர்ச்சியாகவே 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. ஊர் நத்தமும் சேரி நத்தமும் தனித்தனி; மயானமும் மயானப்பாதையும் இன்றளவும் பல ஊர்களில் தனித்தனி. 'ஊர்ப்பொது' என்பதில் 'ஊர்' எவரைக் குறிக்கிறது என்னும் கேள்வியை எழுப்பாமல் புறம்போக்கைப் 'பொதுநிலம்' எனப் பெயர்ப்பது, ஒரு புறக்கணிப்பை நீக்கும்போதே மற்றொரு புறக்கணிப்பை மறைப்பதாகும். மேற்குறித்த இரு கலைப்படைப்புகளின் தலைப்புகளும் இச்சொல்லுக்குத் தந்த புத்துயிர் பாராட்டத்தக்கது. எனினும் அத்தலைப்புகளை அப்படியே கலைச்சொல் வரையறையாக ஆய்வுலகம் ஏற்றுக்கொண்டமை விமரிசனத்திற்குரியது. எதிர்ப்பின் சொல் சுருக்கமாகத்தான் இருக்கவேண்டும். ஆய்வின் சொல் அவ்வாறு இருக்கவேண்டியதில்லை.

அசையும் நிலமும் அசையாச் சொல்லும்

இதுவரை கண்ட நான்கு பொருள்களும் ஒரு பொது எண்ணத்தைக் கொண்டுள்ளன. நிலம் ஓரிடத்தில் நிலைத்திருக்கும், அதற்கு எல்லை உண்டு என்பதே அது. வடசென்னைக் கடற்கரை இவ்வெண்ணத்தைப் பொய்யாக்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக் கால்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடுக்கப்பட்டது. துறைமுகத்திற்குத் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையை அரித்தது. குப்பங்கள் மேற்கே நகர்ந்தன. கருங்கல் தடுப்புகளும் தூண்டில் வளைவுகளும் எழுந்தன. மணலாக இருந்த நிலம் கடலாயிற்று. கடலாக இருந்த இடம் மணலாயிற்று. கழியிலும் இவ்வாறே ஓதத்திற்கு ஏற்ப நீரும் சேறும் இடம் மாறுகின்றன. முகத்துவாரம் மணலால் அடைபடுவதும் திறப்பதும் உண்டு. உயர் ஓதக் கோட்டை ஒருமுறை வரைந்து அதன்படி உடைமையை வரையறுக்கும் சொற்றொகுதி, இந்நிலத்தின் இயக்கத்தை உள்வாங்கும் ஆற்றல் அற்றது. 1991ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்காற்று மண்டல அறிவிக்கை கழிகளுக்கும் ஓதப்பகுதிகளுக்கும் காப்பு வழங்கியபோது, பழைய வருவாய்ச் சொல்லின் மேல் புதிய சுற்றுச்சூழற் சொல் ஒன்று படிந்தது. ஒரே சேற்று நிலம் ஓர் ஆவணத்தில் புறம்போக்காகவும் மற்றொன்றில் முதல்நிலைக் காப்பு மண்டலமாகவும் இருக்கிறது. எந்தச் சொல் எடுத்தாளப்படுகிறது என்பதே அந்நிலம் நிரப்பப்படுமா காக்கப்படுமா என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன. முதலாவதாக, புறம்போக்கைப் பாழ்நிலம் எனப் பெயர்த்தல் பிழை. தரிசையும் புறம்போக்கையும் வேறுபடுத்தும் சட்ட வாசகமே இதற்குச் சான்று. ஆங்கிலத்தின் 'வேஸ்ட்லேண்ட்' தமிழுக்கு வரும்போது புறம்போக்கு எனப் பெயர்க்கப்படுவதும் இதே காரணத்தால் தவிர்க்கத்தக்கது. இரண்டாவதாக, அரசு நிலம் என்னும் பெயர்ப்பு அரைகுறையானது. உடைமையைக் கூறி வழக்காற்று உரிமையை அது விட்டுவிடுகிறது. மூன்றாவதாக, பொதுநிலம் என்னும் பெயர்ப்பு நோக்கத்தால் நேரியது. எனினும் எவருக்குப் பொது என்னும் வினாவுக்கு விடை கூறாதவரை அது நிறைவுறாது.

சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே விடுதல் ஒரு வழி. ஆயின் சட்டநூல்கள் ஒரு நூற்றாண்டிற்கும் மேலாக அதனையே செய்துள்ளன. அதனால் கழிக்கோ குப்பத்திற்கோ காப்பு எதுவும் கிட்டிவிடவில்லை. பொருள் விளக்கப்படாத சொல் அதிகாரமுடையோரின் பொருளையே ஏற்றுக்கொள்ளும். எனவே கிராமக் கணக்கர் பின்பற்றிய பழைய முறையை ஆய்வாளரும் மொழிபெயர்ப்பாளரும் பின்பற்றுதல் தகும். அடைமொழி இன்றி இச்சொல்லை எழுதுதல் கூடாது. கழிப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, மயானப் புறம்போக்கு எனப் பயனை முன்வைத்து எழுதி, அப்பயன் எவர்க்கு இருந்தது, எவர்க்கு மறுக்கப்பட்டது என்பதையும் உடன் குறித்தல் வேண்டும். அவ்வாறு எழுதும்போது ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்னும் வசதி போய்விடும். ஆனால் முகத்துவாரத்தில் இறால் தடவும் ஒருவரின் உழைப்பு அந்நிலத்தின் வரையறைக்குள் வந்துவிடும்.